இரண்டு ஏர்லைன் ஆஃபர் கையில் இருக்கிறதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரே நேரத்தில் இரண்டு விமான நிறுவனங்கள் வேலைக்குக் கூப்பிடுவது நல்ல காலம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் யோசனை கேட்கும் இளம் விமானிகளில் பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள். போன வாரமும் ஒருவர் அழைத்தார். "சார், இன்டர்வியூவில் சொன்ன சம்பளத்துக்கும் கைக்கு வர்றதுக்கும் சம்பந்தமே இல்லை, ஏமாத்திட்டாங்க" என்றார். ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லிப் படித்தேன். யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் எழுதித்தான் இருந்தது. அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆஃபர் லெட்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகை உங்கள் சம்பளம் அல்ல. ஒரு மாதத்தில் இத்தனை மணி நேரம் பறந்தால் இவ்வளவு வரும் என்ற கணக்கு அது. எத்தனை மணி நேரம் என்பது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பல நிறுவனங்கள் அங்கே 85, 90 என்று போட்டு அட்டவணை தயாரிக்கின்றன. சரி, மாதம் 90 மணி நேரம் வருடம் முழுக்கப் பறக்க முடியுமா? பன்னிரண்டால் பெருக்குங்கள்: 1080. ஐரோப்பிய விதிப்படி ஒரு விமானி ஒரு காலண்டர் ஆண்டில் 900 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. அமெரிக்காவில் தொடர்ச்சியான 365 நாட்களில் 1000 மணி நேரம்தான் உச்சவரம்பு. அதாவது அந்த அட்டவணைப்படி வருடம் முழுக்கச் சம்பாதிக்கச் சட்டமே விடாது. 900 என்றால் மாதச் சராசரி 75தான். அதுவும் வரம்பைத் தொடும் அளவுக்குப் பறந்தால். விடுப்பு, சிமுலேட்டர் செக் (மாதிரி காக்பிட்டில் நடக்கும் தேர்வு), தரை வகுப்புகள், உடம்பு சரியில்லாத நாட்கள், பயணிகள் குறையும் பருவம் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனவே பார்க்க வேண்டியது உத்தரவாத மணி நேரம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தம் சொல்லும் எண் அது. ஒரு கணக்கு பார்ப்போம். முதல் நிறுவனம் மணிக்கு 100 தருகிறது, உத்தரவாதம் 50 மணி நேரம். இரண்டாவது மணிக்கு 80தான், ஆனால் உத்தரவாதம் 75 மணி நேரம். முதல் நிறுவனத்தின் விளம்பர அட்டவணை 90 மணி நேரத்துக்கு 9000 என்று பளபளக்கும். மந்தமான மாதத்தில் 40 மணி நேரம் மட்டும் பறந்தால் அங்கே வருவது 5000. இரண்டாவதில் அதே மாதம் 6000. மாதம் 60 மணி நேரத்துக்கு மேல் நிச்சயமாகப் பறப்பீர்கள் என்றால் மட்டுமே முதல் நிறுவனம் லாபம். பறப்பீர்களா? இதை மனிதவளத் துறையிடம் கேட்காதீர்கள். அங்கே வேலை பார்க்கும் துணை விமானி ஒருவரிடம் கடைசி ஆறு மாத ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த மணி நேரம் எதை வைத்து எண்ணப்படுகிறது? பெரும்பாலும் பிளாக் நேரம்: விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்த நொடி முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை. நீங்கள் சீருடையில் இருப்பது பத்து மணி நேரமாக இருக்கலாம், அதில் பிளாக் நேரம் ஐந்தே ஆகலாம். மீதி ஐந்துக்கு என்ன கணக்கு? அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பைக்கு உண்டா? வேறொரு ஊரில் விமானத்தை எடுக்கப் பயணியாக உட்கார்ந்து போகும் நேரத்துக்கு உண்டா? கடைசி நேரத்தில் ரத்தான விமானத்துக்கு? அப்புறம், பயிற்சிக் காலத்தில் என்ன தருவார்கள்? டைப் ரேட்டிங்கும் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) லைன் டிரெய்னிங்கும் (பயணிகள் விமானத்தில் பயிற்சியாளரோடு பறப்பது) முடிந்து, நீங்கள் வழக்கமான பணிக்கு ரிலீஸ் ஆகப் பல மாதங்கள் ஆகும். சிமுலேட்டர் கிடைக்காமல் அது இன்னும் இழுப்பது சகஜம். அந்த மாதங்களில் உதவித்தொகை மட்டும்தான் என்றால் வாடகைக்கு என்ன செய்வீர்கள்?

சம்பளம் போதும்.

சீனியாரிட்டி பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இருக்கிறார்கள். சேர்ந்த தேதியை வைத்து வரிசை எண் தரும் நிறுவனங்களில் பேஸ் (எந்த ஊரிலிருந்து பணி தொடங்குவது), விடுப்பு, மாத ரோஸ்டர், எந்த விமானம், எப்போது கமாண்ட் (கேப்டன் பதவி), ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்று எல்லாமே அந்த எண்தான். வேறு நிறுவனத்துக்கு மாறினால், பழைய இடத்தில் கேப்டனாக இருந்தவரும் புது இடத்தில் கடைசி எண்ணில்தான் ஆரம்பிப்பார். அதனால் "அடுத்த பேட்சில் சேருகிறேன்" என்று சும்மா தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் நுழைந்தால் ஓய்வு பெறும் வரை அவர்கள் உங்களுக்கு முன்னால்தான். எல்லா நிறுவனத்திலும் இந்த முறை இல்லை, தகுதி பார்த்துப் பதவி உயர்வு தரும் இடங்களும் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"இரண்டே வருடத்தில் கமாண்ட்" என்பது வாக்குறுதி அல்ல, வானிலை அறிக்கை. அதை நம்புவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை கேப்டன்கள் ஓய்வு வயதான 65ஐ நெருங்குகிறார்கள், எத்தனை விமானங்கள் உண்மையிலேயே வரப்போகின்றன. ஆர்டர் கொடுத்த விமானம் வேறு, வந்து நிற்கும் விமானம் வேறு. போயிங் 737 மேக்ஸ் பறப்பது 2019 மார்ச்சில் உலகம் முழுக்க நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது 2020 நவம்பரில். அந்த விமானத்தை நம்பி ஆளெடுத்த நிறுவனங்களில் பதவி உயர்வுக் கணக்கு என்ன ஆகியிருக்கும்? 2023இல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் பாகங்களைச் செய்த உலோகத் தூளில் கோளாறு இருந்தது வெளியே வந்தபோது ஏ320 நியோ ரகத்தில் ஏராளமான விமானங்கள் எஞ்சின் இல்லாமல் நின்றன. ஒரே ரக விமானம், ஒரே ரக எஞ்சின் என்று ஓடும் நிறுவனத்தில் சேரும்போது இதுவும் உங்கள் பிரச்சினைதான்.

நிறுவனம் பெரிது, பழையது, மூழ்காது என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். பான் ஆம் 1991 டிசம்பரில் நின்றது. மொனார்க் 2017இல், ஜெட் ஏர்வேஸும் தாமஸ் குக்கும் 2019இல். பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். நிதி அறிக்கை வெளியிடும் நிறுவனமானால் எடுத்துப் படியுங்கள். சம்பளம் தாமதமாகிறதா என்று உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள். அது நிதி அறிக்கையைவிடச் சீக்கிரம் உண்மை சொல்லும்.

பேஸ் விஷயத்தில் வாதாடுவதை விட்டுவிட்டேன், ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். குடும்பம் ஓரிடம், வேலை ஓரிடம், ஒவ்வொரு முறையும் விமானத்தில் போய்ச் சேர்ந்து டியூட்டி தொடங்குவது என்பதைச் சம்பளத்தால் ஈடுகட்ட முடியாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் விமானத்தின் துணை விமானி, டியூட்டிக்கு முந்தைய இரவு நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து நியூவார்க்குக்குப் பயணம் செய்து வந்திருந்தார். விபத்துக்கு முதன்மைக் காரணமாக விசாரணை சொன்னது, ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) எச்சரிக்கைக்குக் கேப்டன் காட்டிய தவறான எதிர்வினையை. ஆனாலும் இருவரும் களைத்திருந்திருக்கலாம் என்றும் அதே அறிக்கை பதிவு செய்தது. 50 பேர் இறந்தார்கள். தூங்காமல் காக்பிட்டில் உட்காரவைக்கும் வேலை எந்தச் சம்பளத்துக்கும் தகாது. வீட்டில் இருப்பவர்களிடம் கேட்காமல் பேஸை முடிவு செய்யாதீர்கள், தயவுசெய்து.

பெரிய விமான மோகத்துக்கு ஒரு வார்த்தை. நீண்ட தூர விமானத்தில் மாதத்துக்கு மூன்று நான்கு பயணம், காக்பிட்டில் மூன்று நான்கு பேர். உங்கள் கைக்கு வரும் தரையிறக்கம் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். 90 நாட்களில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்ற குறைந்தபட்சத்தையே சிமுலேட்டரில் போய் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவானில் மட்டும் மற்ற விமானிகளை மாற்றிவிடும் குரூஸ் ரிலீஃப் பதவி என்றால் விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் வேலையே இல்லை. ஆரம்ப வருடங்களில் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கும் குறுந்தூர வேலைதான் கையைப் பழக்கும். என் கட்சி இது. ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய.

பாண்டு: இத்தனை காலம் வேலை பார்ப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்ற உறுதி. இதை மட்டும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலம் எப்போது தொடங்குகிறது, சேர்ந்த நாளிலா, லைன் ரிலீஸ் ஆன நாளிலா? மாதாமாதம் தொகை குறையுமா, கடைசி நாள் வரை முழுத்தொகையா? பயிற்சியில் தேறாவிட்டால் யார் செலவு? அவர்களே நீக்கினால்? மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்றிதழ், போனால்? உரிமம் இழப்புக் காப்பீடு இருக்கிறதா, இருந்தால் எத்தனை வருடச் சம்பளத்துக்கு? இருபத்தைந்து வயதில் யாரும் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் நிறுவனத்தையும், பறக்க விடுவதற்கு உங்களிடமே காசு கேட்கும் நிறுவனத்தையும் பற்றி நான் ஆலோசனை சொல்வதில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். "இரண்டு நாளில் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். நல்ல நிறுவனங்கள் பெரும்பாலும் தரும். முடிவு எடுத்தபின், வேண்டாம் என்று தீர்மானித்த நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றில் மட்டும் போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் காலியாக விட்ட அந்த இடத்துக்கு, காத்திருப்புப் பட்டியலில் இருந்த இன்னொருவர் வந்திருப்பார்.