அர்ஜினின்: அர்ஜுனனுக்குத் தூரத்துச் சொந்தம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி, "தம்பி, அந்த அர்ஜுனன் மாத்திரை இருக்கா? பிரஷருக்கு நல்லதாம்" என்று கேட்க, கல்லாவில் இருந்த பையன் சிரித்துவிட்டான், நானும்தான். அவர் கேட்டது எல்-அர்ஜினின். வீட்டுக்கு வந்து வேர்ச்சொல்லைத் தேடியபோதுதான் தெரிந்தது, ஆன்ட்டி சொன்னது அவ்வளவு ஒன்றும் தப்பில்லை.

1886-ல் வேதியியலாளர் எர்ன்ஸ்ட் ஷுல்ட்சேயும் அவருடைய உதவியாளர் ஷ்டைகரும் லூபின் என்ற ஒரு பயறுச் செடியின் முளையிலிருந்து இந்த அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்றை, பிரித்தெடுத்தார்கள். இதன் நைட்ரேட் உப்பு வெள்ளி போல மின்னியதால் கிரேக்கத்தில் வெள்ளிக்குரிய சொல்லான ஆர்கிரோஸிலிருந்து பெயர் எடுத்தார்கள். லத்தீனில் வெள்ளியைக் குறிக்கும் 'அர்ஜெந்தும்' என்ற சொல், அர்ஜென்டினா நாட்டின் பெயர், சமஸ்கிருதத்தில் 'வெண்மை, பளபளப்பு' என்று பொருள்படும் அர்ஜுன எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. இதய மருந்தாக நாட்டு வைத்தியர்கள் சொல்லும் மருத மரத்துக்கும் அர்ஜுனம் என்று பெயர் உண்டு, அதன் பட்டை வெளுப்பாக இருக்கும். பெயரில்தான் உறவு, மருதம்பட்டையும் இந்த மாத்திரையும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வெள்ளியை வைத்து 'வெள்ளியம்' என்று ஆக்கினால் வெள்ளீயம் என்று படித்துத் தகர டப்பாவை நினைப்பார்கள். அமிலத்தைக் காடி என்று மாற்றலாம், ஆனால் அர்ஜினினை அப்படியே விடுவதுதான் என் கட்சி.

இது உடம்புக்குள் செய்யும் வேலை சுவையானது. இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரு நொதி அர்ஜினினை உடைத்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது, அந்த வாயு சில விநாடிகளே நிலைத்தாலும் குழாயின் தசையைத் தளர்த்திவிடும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். இதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. (சிரிப்பு வாயு இதுவல்ல, அது நைட்ரஸ் ஆக்சைடு.) ஆய்வுகளில் நாளுக்கு 4 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தபோது இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவுக்குக் குறைந்தது, அவ்வளவுதான்.

இதே வாயு மூச்சுக்குழாயிலும் உண்டாகிறது. ஆஸ்துமாக்காரர்களை ஒரு கருவியில் ஊதச் சொல்லி அளப்பார்களே, அதற்கு 'வெளிமூச்சு நைட்ரிக் ஆக்சைடு' என்ற பெயர் பொருந்தும். நூறு கோடியில் இத்தனை பங்கு என்று கணக்கு, பெரியவர்களுக்கு 25-க்குக் கீழ் குறைவு, 50-க்கு மேல் அதிகம். அர்ஜினின் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு இந்த எண்ணும் ஏறலாம், அதனால் ஊதப் போகும்முன் மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை, அர்ஜினின் எடுத்த பக்கம் மட்டும் 6 பேர் இறந்ததால் பாதியில் நிறுத்தினார்கள், முடிவு 2006-ல் வெளியானது. இதைக் கல்லாவில் யாரும் சொல்வதில்லை. கச்சாங் பூத்தே கடையில் வாங்கும் நிலக்கடலையிலும் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் அர்ஜினின் இருக்கிறது, அதையும் சொல்வதில்லை.