பாண்டிக் கட்டத்தில் ஏறும் கணக்கு

காசிமேட்டுச் சந்துகளில் பிள்ளைகள் செங்கல் துண்டால் பாண்டிக் கட்டம் கீறினால் போதும், "படிக்கிற நேரத்தில் என்ன ஆட்டம்?" என்று ஒரு குரல் வந்துவிடும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். ஆனாலும், "நோட்டில் ஒன்று, இரண்டு எழுதவைக்கவில்லையா டீச்சர்?" என்ற கேள்வி ஓய்வதில்லை.

பத்து வரை மளமளவென்று ஒப்பிக்கும் நான்கு வயதுப் பிள்ளையிடம், ஆறு பெரியதா எட்டு பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிப்பார்கள். வரிசை மனப்பாடமாகிவிட்டது, அளவு இன்னும் பிடிபடவில்லை.

உளவியலாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் 124 பேர். ஒரே வரிசையில் பத்துக் கட்டம் கொண்ட பலகை. சிலருக்குக் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள், மற்றவர்களுக்கு வெறும் நிறங்கள். இரண்டு வாரத்தில் நான்கே முறை, முறைக்குப் பதினைந்து இருபது நிமிடம். எண் பலகையில் ஆடியவர்கள் எண்களை ஒப்பிடுவதிலும் அடையாளம் காண்பதிலும் தேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. நிறப் பலகைக்காரர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அவர்களும் விளையாடத்தான் செய்தார்கள். ஆகவே, எந்த விளையாட்டும் பாடம்தான் என்று சிலர் அடித்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

சூட்சுமம் கட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. மூன்றுக்குப் போவதைவிட ஏழுக்குப் போகும் காய்க்குத் தூரம் அதிகம், நேரம் அதிகம். கை நகர்த்துவதும் வாய் சொல்லும் எண்களும் அதிகம். கண், கை, காது, வாய் எல்லாம் சேர்ந்து 'ஏழு பெரியது' என்று சாட்சி சொல்கின்றன. அதே எண்களை வட்டமாக அடுக்கியபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை என்று 2009-ல் அவர்களே காட்டினார்கள்.

பாண்டியில் பிள்ளையே காய். நொண்டியடித்துப் போகும் காலும் தூரத்தை அளக்கும் என்பது என் கணிப்பு. மீன்பாடி வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரட்டைக் கட்டம் வேண்டாம். நேர்வரிசையாகப் போட்டு எண் எழுதுங்கள். ஐந்தில் நிற்கும் பிள்ளை இரண்டு கட்டம் தாண்டும்போது, தாயக்கட்டை வழக்கப்படி 'ஒன்று, இரண்டு' என்று எண்ணாமல் 'ஆறு, ஏழு' என்று சொல்லட்டும். பலகை ஆட்டங்களில், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்குப் பலன் குறைந்தே போனது.