அல்சைமர்: துப்புரவு செல்களே டாவ் முடிச்சைப் பரப்புவது எப்படி?

"மூளையில் அழற்சி என்கிறீர்களே, அழற்சி குறைக்கும் வலி மாத்திரை தரலாமா?" அல்சைமர் நோயாளியின் வீட்டார் தவறாமல் கேட்பது இது. தர வேண்டாம். நாப்ராக்சன், செலிகாக்சிப் இரண்டையும் ஆய்வில் கொடுத்துப் பார்த்தாயிற்று. மறதி நோயைத் தடுக்கவில்லை. வயதானவர்களுக்கு வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு என்று வேறு தொல்லைதான் வரும்.

அழற்சி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது அத்தனை எளிதல்ல. அமைலாய்டு என்ற புரதம் நரம்பு செல்லுக்கு வெளியே திட்டாகப் படிகிறது. டாவ் புரதம் உள்ளே இருப்பது. செல்லின் சரக்குப் பாதையான நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. அதில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டினால் பிடி நழுவி, ஒன்றோடொன்று பின்னி முடிச்சாகிறது. நினைவு எவ்வளவு குறைகிறது என்பதோடு நெருங்கிப் பொருந்துவது திட்டு அல்ல, இந்த முடிச்சு எதுவரை பரவியிருக்கிறது என்பதே.

மூளையின் துப்புரவு செல்லான மைக்ரோகிளியா, அமைலாய்டு திட்டைச் சூழ்ந்து அணை போடுகிறது. அதற்கு ட்ரெம்2 என்ற ஏற்பி, அதாவது செல்லின் மேல் இருந்து சைகையை வாங்கும் புரதம், தேவை. அதில் ஆர்47எச் என்ற மரபு மாற்றம் இருந்தால் நோய் வரும் வாய்ப்பு சுமார் 2 முதல் 4 மடங்கு என்று 2013இல் தெரியவந்தது. ஆக, இந்த செல்லை முழுக்க அடக்கிவிடுவதும் ஆபத்துதான்.

டாவிடம் கதை மாறுகிறது. விழுங்கிய டாவை மைக்ரோகிளியா முழுதாகச் செரிப்பதில்லை. மிச்சத்தை நுண்பைகளில் வெளியே தள்ள, அடுத்த நரம்பு செல்லில் அதுவே விதையாகிறது. எலிகளில் மைக்ரோகிளியாவை அகற்றியபோது டாவ் பரவல் குறைந்தது. அவை வெளியிடும் அழற்சிப் பொருள்களும் டாவில் இன்னும் பாஸ்பேட் ஏறத் தூண்டுகின்றன. நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட்டு செல்களும் ஒதுங்கி நிற்பதில்லை: மூளையில் கொழுப்பைச் சுமக்கும் அப்போஈ புரதத்தில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே வருகிறது. ஒருவரிடம் இருப்பது அதன் அப்போஈ4 என்ற மரபு வகை என்றால் இந்த அழற்சி இன்னும் கடுமை.

லெக்கனெமாப் போன்ற புதிய மருந்துகள் மைக்ரோகிளியாவை ஏவி அமைலாய்டைத்தான் அகற்றுகின்றன. இருக்கும் முடிச்சு அவிழாது. மூளையில் நீர்க்கோர்ப்போ நுண்ணிய ரத்தக்கசிவோ வரலாம்; அப்போஈ4 உள்ளவருக்கு வாய்ப்பு அதிகம். அதனால் தொடங்குமுன் அப்போஈ மரபணுப் பரிசோதனை, இடையிடையே எம்ஆர்ஐ. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. முடிச்சு பரவுவது ஆண்டுக் கணக்கில். இரண்டே நாளில் குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றை அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.