தறப்பாள்

லொறியில் ஏற்றிய சுமை நனையாமல் மேலே இழுத்துக் கட்டுகிற, தண்ணீர் புகாத பெரிய விரிப்பு. தமிழ்நாட்டில் தார்ப்பாய் என்பார்கள். இலங்கையில், மலையகமானாலும் வடக்கானாலும், தறப்பாள்தான்.

இரண்டும் டார்போலின் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. அதன் முன்பாதி தார். பின்பாதியை, மூடுகிற கனத்த துணியைக் குறிக்கும் பழைய சொல்லாகக் கொள்வது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் கித்தான் துணியில் தார் பூசி, சரக்கறை வாய்களை அதனால் மூடினார்கள். அப்படித் தார் பூசிய உடுப்பையே மாலுமிகளும் போட்டதால், அந்தப் பெயர் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் நீலத் தறப்பாள் பிளாஸ்டிக் இழையில் நெய்தது. அதில் தார் ஒரு சொட்டும் கிடையாது.

தார்ப்பாய் என்பதைத் தார், பாய் என்று பிரித்துப் பார்த்து அது பழந்தமிழ்ச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி சரி. வீதிக்கு ஊற்றும் தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது, பாய் நம்முடையது. அது படுக்கிற பாய் மட்டுமல்ல, கப்பற்பாயும்கூட. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் மீப்பாயை, அதாவது மேலே கட்டிய பாயை, களையாமல், பாரத்தைக் குறைக்காமல், அப்படியே புகாருக்குள் நுழைகிற பெருங்கலம் வருகிறது. கப்பலில் பிறந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாய் கப்பற்பாயோடு சேர்த்துவிட்டது. நல்ல சேர்க்கை என்றுதான் சொல்வேன்.

சரி, தறப்பாள் கட்டுவது என்றால் என்ன? மலையகத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியே ஆகவேண்டும். தேயிலைத்தூள் ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மூலை நனைந்தாலும் அந்த மூட்டை கெட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கினிகத்தேனைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று ஹட்டன் வீதியில் ஓடுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் சுமையைப் பிடித்து வைப்பது தறப்பாளின் வேலை இல்லை. சுமையைத் தனியாகக் கயிறு அல்லது பட்டி போட்டு முதலில் இறுக்கவேண்டும். தறப்பாள் அதற்கு மேலே, மழைக்கும் தூசுக்கும். 'மேலே தறப்பாள் கட்டியிருக்கிறதே, மூட்டை எங்கே போகும்' என்ற நினைப்போடு றம்பொடை வளைவுகளில் இறங்குவது ஆபத்து. வளைவில் சுமை வெளிப்பக்கம் தள்ளும்போது தறப்பாளில் கயிறு கோக்கும் கண்கள் கிழிந்து போகும்.

இரண்டு தறப்பாள் போடுவதானால் பின்னால் உள்ளதை முதலில் விரித்து, முன்னால் உள்ளதன் விளிம்பு அதன் மேல் ஏறி நிற்கும்படி போடவேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று இடுக்கில் புகுந்து தூக்கும். முன்மூலை மடிப்புகளின் வாயும் பின்னோக்கியே இருக்கவேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்பதால், மெதுவாக ஏறும்போது அடங்கிக் கிடந்த விளிம்பு சமதரையில் படபடவென்று அடித்துக் கிழியும். கூரான மூலைகளில் பழைய டியூப் துண்டோ சாக்கோ வைத்தால் தறப்பாளுக்கு ஆயுசு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியை லொறித் தட்டின் கொக்கியில் சுற்றி, அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழே இழுத்தால், வெறுங்கையால் இறுக்குவதைவிட நன்றாக இறுகும். நனைந்த நைலோன் கயிறு இழுபடும், சுமையும் ஓட்டத்தில் அமுங்கும். ஆகவே கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, இன்னொரு தடவை இறுக்கவேண்டும்.

அப்புறம், இதற்கு நல்ல தமிழ்ச் சொல். தேடிப் போகத் தேவையில்லை, மலையகத்திலேயே இருக்கிறது: படங்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் கிளையும் ஈரமும் படாமல் இடுப்பில் கட்டிக்கொள்கிற முரட்டு விரிப்புக்கு அதுதான் பெயர். கூடாரம், மேற்கட்டி என்ற பொருள்களும் அதற்கு உண்டு. துணியைக் குறிக்கும் படம், படாம் ஆகிய சொற்களோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். மலைநாட்டுத் தலைவன் பேகன் மயிலுக்குக் கொடுத்தது படாம் என்று புறநானூறு சொல்கிறது.

'நீர்புகா விரிப்பு' என்று புதிதாகச் செய்கிற சொற்களை நான் ஏற்கமாட்டேன். அவை விளக்கம், பெயர் அல்ல. லொறிக்காரரிடம் சொன்னால் திரும்பிக் கேட்பார். தறப்பாள் பேச்சில் இருக்கட்டும், அது நம் வாய்க்கு வளைந்து வந்துவிட்ட சொல். எழுத்தில் தமிழ்ச் சொல் வேண்டும் என்றால் பொருளுக்கு லொறிப் படங்கு, செயலுக்குப் படங்கு கட்டுதல் என்று எழுதலாம். தோட்டத்துப் பெண்கள் கட்டுவதும் படங்குதானே, குழப்பம் வராதா என்றால், லொறி என்ற முன்சொல்லே அதைத் தீர்த்துவிடும்.