டவர் கார்டு வந்தால் வீடு இடியுமா?

முதலில் ஒரு கணக்கு. பலன் பார்க்கப் பயன்படும் டாரோ சீட்டுக் கட்டில் 78 கார்டுகள். அதில் 16ஆம் எண் கார்டு டவர். பத்துக் கார்டுகளை விரித்துப் பார்க்கும் கெல்டிக் கிராஸ் முறையில் அது தலைகாட்டும் வாய்ப்பு 78-க்கு 10, அதாவது ஏறக்குறைய எட்டு ரீடிங்குக்கு (ஒருமுறை கார்டு விரித்துப் பலன் பார்ப்பதற்கு) ஒன்று. தினமும் காலையில் ஒரே ஒரு கார்டு எடுப்பவருக்கு ஆண்டில் சராசரியாக நான்கைந்து முறை வரும். டவரோடு மரணம், சாத்தான், வாள் மூன்று, வாள் பத்து ஆகிய நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (வாள், கோப்பை, நாணயம் போன்றவை கார்டு இனங்கள்; எண் அந்த இனத்தில் கார்டின் வரிசை). எல்லாரும் பயப்படும் கார்டுகள் பெரும்பாலும் இந்த ஐந்துதான். பத்துக் கார்டு விரிப்பில் இவற்றில் ஒன்றாவது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கார்டு வந்தாலே கேடு என்றால், ரீடிங் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நல்லபடியாக வீடு போய்ச் சேர முடியாது.

ஆனாலும் பயம் இருக்கிறது. அதைப் போலிகள் மட்டும் கிளப்பிவிடவில்லை. இன்று மிகப் பரவலாகப் புழங்கும் ரைடர் வெயிட் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித், கட்டைத் திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். டவருக்கு வெயிட் கொடுத்த பலன் பட்டியலில் துன்பம், வறுமை, அவமானம், வஞ்சனை, அழிவு என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார். எதிர்பாராத பேரிடரின் கார்டு என்றும் சொல்கிறார். அதே மனிதர் படத்தின் உட்பொருளைப் பேசும்போது வேறு பக்கம் திரும்பி, இங்கே இடிவது பொய்யின் வீடு என்கிறார். பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் முன்பாதியோடு நின்றுவிட்டார்கள். ரீடிங்கில் கைகொடுப்பது பின்பாதி.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கோபுரம்' என்று தமிழாக்கினால் நம் மனம் நேராகக் கோயில் வாசலுக்குப் போய்விடுகிறது. கோயில் கோபுரத்தில் இடி விழுகிறது என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? படத்தில் இருப்பது கோயில் இல்லை, கோட்டைக் கொத்தளம். அதனால் 'டவர்' என்றே சொல்வது நல்லது. வேடிக்கை என்னவென்றால், பழைய பிரெஞ்சு மார்செய் கட்டில் இதே கார்டின் பெயர் 'கடவுளின் வீடு'. டாரோ கார்டுகள் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தவை. பலன் பார்க்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் ஊன்றியது. பெயரும் பொருளும் வழிநெடுக மாறிவந்த ஒரு கார்டுக்கு 'இதுதான் பலன், வேறில்லை' என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

படத்தைப் பாருங்கள், பலன் பிறகு

கறுத்த வானம். ஒரு செங்குத்தான பாறை உச்சியில் சாம்பல் நிறக் கொத்தளம். மின்னல் உச்சியில் தாக்க, கூரையாக இருந்த கிரீடம் பெயர்ந்து விழுகிறது. மூன்று சன்னல்களிலும் தீ. இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். சுற்றிலும் 22 தீத்துளிகள். இவ்வளவும் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது மூன்று விஷயங்கள், ரீடிங்கைத் திருப்புவதும் அவைதான்.

ஒன்று, கட்டடத்தில் கதவு கண்ணில் படாது. உள்ளே போனவர் இயல்பாக வெளியே வர வழி இல்லாத அமைப்பு. 'வெளியே வர முடியாமல் எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குச் சட்டென்று பதில் வந்துவிடும். இரண்டு, மின்னல் அடிப்பது உச்சியில், ஆனால் தீ கீழ்ச் சன்னல்கள் வரை எரிகிறது. வெளியிலிருந்து வந்த செய்தி ஒரு நொடிதான், உள்ளே வெகு நாளாகவே புகைந்துகொண்டிருந்தது என்று அதை வாசிக்கலாம். மூன்று, பாறை அசையவில்லை. கட்டியது போகிறது, நிலம் நிற்கிறது. டவர் வந்த ரீடிங்கில் 'எது போகும்' என்பதை மட்டும் பேசிவிட்டு 'எது நிற்கும்' என்பதை விட்டுவிடுவதுதான் புதிதாகக் கற்றவர்கள் செய்யும் பெரிய தவறு. கேட்பவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்தப் பாறையைத்தான்.

கார்டைத் திருப்பியதும் வாய் திறக்காதீர்கள். பத்து நொடி விடுங்கள். 'இந்தப் படத்தில் முதலில் உங்கள் கண் எங்கே போகிறது?' என்று கேளுங்கள். கிரீடம் என்றால் பதவி, பெயர், கௌரவம் பற்றிய பேச்சு. விழும் மனிதர் என்றால் பிடிமானம் போகுமோ என்ற கலக்கம். தீ என்றால் அடக்கிவைத்த கோபம். இது சூத்திரம் இல்லை, பேச்சைத் தொடங்க ஒரு கொக்கி.

இடம் மாறினால் பேச்சு மாறும்

விரிப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொருள் உண்டு. கடந்த காலத்துக்கான இடத்தில் டவர் வந்தால் அடி ஏற்கெனவே விழுந்தாயிற்று. இனி வரப்போவதாகப் பயமுறுத்த அங்கே எதுவுமே இல்லை. இருந்தும் அதை எதிர்காலமாகவே சொல்லிவிடுகிற ரீடர்கள் உண்டு. தற்போதைய இடத்தில் என்றால் கேட்பவர் இப்போது அதிர்ச்சிக்குள்ளேயே இருக்கலாம். நீட்டி முழக்காமல் மெதுவாகப் பேசுங்கள்.

கெல்டிக் கிராஸில் எட்டாவது இடம் சுற்றுச்சூழல், வீட்டு மனிதர்கள். அங்கே டவர் என்றால் ஆட்டம் கண்டிருப்பது கேட்பவர் இல்லை, அவரைச் சுற்றியுள்ள அமைப்பு: நிறுவனம், குடும்ப ஏற்பாடு, நண்பர் வட்டம். இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், அலுவலகம் மொத்தமும் மாறும்போது தன்மேல்தான் ஏதோ குறை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஒன்பதாவது இடம்தான் எல்லாவற்றிலும் சுவாரசியமானது. அது நம்பிக்கையும் அச்சமும் ஒன்றாகக் குடியிருக்கும் இடம். அங்கே டவர் விழுந்தால் 'இது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா, நடந்துவிடாதா என்று ஏங்குகிறீர்களா?' என்று கேட்டே ஆக வேண்டும். தானாக விட முடியாத வேலையிலிருந்து யாராவது தன்னைத் தூக்கிவிட மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். முறிக்க மனம் வராத நிச்சயதார்த்தம், மூட மனம் வராத தொழில் என்று இந்தக் கணக்கில் பல வரும். அவர்களுக்கு டவர் மிரட்டல் இல்லை, உள்ளுக்குள் இருக்கும் விருப்பம். பத்தாவது இடமான முடிவில் வந்தாலோ, 'இப்போது போகிற போக்கிலேயே போனால்' என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் வாக்கியத்தை முடிக்காதீர்கள்.

பக்கத்துக் கார்டு

டவரைத் தனியாக வாசிப்பது ஒரு வாக்கியத்தில் வினைச்சொல்லை மட்டும் வாசிப்பது போல. எது இடிகிறது என்பதைப் பக்கத்துக் கார்டுதான் சொல்லும். நாணயம் நான்கு பக்கத்தில் இருந்தால், இறுகப் பிடித்து வைத்திருக்கும் பணமோ பாதுகாப்போ. கோப்பை இரண்டு என்றால் உறவு, பெரும்பாலும் இருவரும் பேசாமல் தள்ளிப்போட்ட ஒன்று வெளியே வருவது. வாள் ஆறு வந்தால் இடம்பெயர்தல். தொங்கும் மனிதன் வந்தால் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் கை வைக்காத தேக்கம்.

மேஜர் அர்க்கானா எனப்படும் பெரிய கார்டுகளின் வரிசையையும் மறக்க வேண்டாம். 15 சாத்தான், 16 டவர், 17 நட்சத்திரம். கட்டுண்டு கிடப்பது, கட்டு அறுவது, திறந்த வெளியில் மூச்சு விடுவது. சாத்தானும் டவரும் ஒன்றாக வந்தால் 'இரட்டைக் கெடுதல்' என்பார்கள் சிலர். வரிசைப்படி பார்த்தால் அது விடுதலைப் பக்கம் போகிற ஜோடி.

ஓர் எடுத்துக்காட்டு. கேள்வி: 'இந்த வேலையிலேயே இருக்கலாமா?' மூன்று கார்டுகள்: நாணயம் நான்கு, டவர், நாணயம் எட்டு. தவறான ரீடிங் இப்படிப் போகும்: 'வேலை போகப்போகிறது, ஜாக்கிரதை.' கேட்டவர் அன்றிரவு தூங்க மாட்டார். சிலர் பதற்றத்தில் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடுவார்கள், பிறகு 'கார்டு பலித்தது' என்பார்கள். பலித்தது கார்டு இல்லை, பயம். சரியான ரீடிங் கொஞ்சம் நீளம்: 'சம்பளம் நின்றுவிடுமோ என்று இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். இந்த வேலை நிரந்தரம் என்ற நம்பிக்கையில் ஏதோ ஒன்று ஆட்டம் காண்கிறது. அது என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கலாம். கையிலிருக்கும் தொழில்திறன் உங்களுடையது, அது எங்கே போனாலும் கூட வரும். அடுத்த மாதத்துக்குள் அதில் எதைக் கூர்தீட்டலாம்?' கார்டுகள் அதே மூன்றுதான்.

தலைகீழாக வந்தால்

மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. அதே பொருள், வீரியம் குறைவு என்பது ஒன்று; வெயிட்டும் இதைக் குறிப்பிடுகிறார். விழ வேண்டியதை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருப்பது என்பது இன்னொன்று. வெளியே தெரியாத உள்மாற்றம் என்பது மூன்றாவது. எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம், தலைகீழைக் கணக்கிலேயே எடுக்காமலும் இருக்கலாம். ஆனால் கலைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கார்டைப் பார்த்தபின் எதிரே இருப்பவரின் முகத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தால் அது ரீடிங் இல்லை, சமாளிப்பு.

'எத்தனை முறை எடுத்தாலும் டவரே வருகிறது' என்பது அடிக்கடி கேட்கும் புகார். பிரபஞ்சத்தைக் கேட்பதற்கு முன் கலைத்த விதத்தைப் பாருங்கள். 52 சீட்டுக் கட்டையே நன்றாகக் கலக்க, இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏழு முறை வேண்டும் என்று 1992-இல் பேயர், டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் காட்டினார்கள். டாரோவில் 26 கார்டுகள் கூடுதல். கார்டும் பெரியது, அதனால் பெரும்பாலோர் கையில் வைத்து மேலும் கீழுமாகத் தள்ளுவதோடு சரி. அந்த முறையில் கார்டுகள் கொத்துக் கொத்தாக நகரும். முந்தைய ரீடிங்கில் மேலே சேர்த்து வைத்த பத்தும் பெரிதாகச் சிதறாமல் திரும்பி வரும். கட்டை மேசையில் முகம் கீழாகப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் வட்டமாகக் கலைத்து அள்ளுங்கள். தலைகீழ்க் கார்டுகளும் இதில் தானாகவே சீராகக் கலந்துவிடும்.

அதே கேள்விக்கு அன்றே மறுபடி எடுப்பதும் வேண்டாம். தெளிவுக்காக ஒரே ஒரு கூடுதல் கார்டு போதும். நல்லது வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் வருவது கேட்டவரின் ஆசை.

சொல்லக் கூடாதவை

டவரை வைத்து விபத்து, நோய், கருச்சிதைவு, சாவு, வழக்கின் தீர்ப்பு எதையும் சொல்லக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. உடம்பைப் பற்றிய கேள்வி மருத்துவருக்கு, வழக்கு வக்கீலுக்கு. வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒருவர் பேசினால் கார்டுகளை மூடி வைத்துவிட்டு, அவர் நம்பும் ஒருவரோடும் மனநல மருத்துவரோடும் அன்றே பேச வழி செய்யுங்கள். ரீடிங்கை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

டாரோ எதிர்காலத்தைக் காட்டும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. இதைத் தொழிலாகச் செய்பவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. 'திடீர் மாற்றம் வரப்போகிறது' என்ற வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, 'இது உங்களுக்கென்றே எழுதியது' என்றார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4-க்கும் மேல். டவரைப் பார்த்ததும் 'அப்படியே என் கதை' என்று தோன்றுவதில் இந்த விளைவுக்கும் பங்கு உண்டு. ரீடர் இதை அறிந்திருந்தால் வாய் கொஞ்சம் அடங்கும்.

பயத்தை விற்பவர்கள் நம்பியிருப்பதும் இதையேதான். டவர் வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். 'பெரிய ஆபத்து தெரிகிறது, இன்றைக்கே பரிகாரம் செய்தாக வேண்டும், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்' என்பார்கள். அவசரம், ரகசியம், கூடுதல் கட்டணம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை, மேற்கொண்டு கொடுக்காதீர்கள். கார்டில் வந்ததைப் பணம் வாங்கி அழிக்கும் பரிகாரம் எதுவும் டாரோவில் கிடையாது.

நீங்களே எடுத்துப் பார்ப்பவர் என்றால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கேள்வி, கார்டு விழுந்த இடம், பக்கத்துக் கார்டுகள், அன்று என்ன பொருள் எடுத்தீர்கள் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, நடந்ததைச் சிவப்பு மையில் பக்கத்தில் குறியுங்கள். பொருந்தாததையும் விடாமல் எழுதுங்கள். பத்துப் பதினைந்து டவர் சேர்ந்தபின் பக்கங்களைப் புரட்டினால், பெரும்பாலான இடங்களில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்றோ 'பேசித் தீர்த்தாயிற்று' என்றோதான் எழுதியிருக்கும்.