கூடிப் பேசினால் முதுகுவலி குறையுமா?

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பல வருடமாக முதுகுவலி, ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, டாக்டர் வாரம் ஒருமுறை நடக்கும் வலி வகுப்பில் சேரச் சொல்கிறார். "பத்துப் பேர் உட்கார்ந்து பேசினால் வலி போய்விடுமா? ஏமாற்று வேலை இல்லையா?"

போகாது. ஆனால் ஏமாற்றும் இல்லை.

மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் அது நாள்பட்ட வலி. காயம் தண்டுவட நரம்புகளையே கூருணர்ச்சியாக்கிவிடும் என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983இல் காட்டினார். காயம் ஆறிய பிறகும் அது நீடிக்கலாம். ஸ்கேனில் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது.

இந்த மாதிரி வகுப்பு பிறந்தது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், 1970களின் கடைசியில். அங்கே கேட் லோரிக் என்ற ஆய்வாளர் மூட்டுவாதக்காரர்களுக்காகத் தொடங்கியதை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சாண்ட்ரா லெஃபோர்ட் என்பவர் நாள்பட்ட வலிக்கு ஏற்ப மாற்றினார். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். நடத்துபவரும் பெரும்பாலும் வலியோடு வாழ்பவர்தான். ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கு ஒரு சின்னத் திட்டம் சொல்ல வேண்டும், "முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள், ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சுருக்கச் சொல்வார்கள்.

ஏன் இந்த நம்பிக்கைக் கணக்கு? உடற்பயிற்சியைக் கூட்டியதற்கும் வலி குறைந்ததற்கும் லோரிக் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை. வலியைச் சமாளிக்க முடியும் என்ற எண்ணம் வளர்ந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

சரி, எண்ணம் எப்படி நரம்பில் இறங்கும்? எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை இங்கேதான் வருகிறது. 1987இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவின் குழு சிலருக்கு வலியைச் சமாளிக்கும் மன உத்திகளைக் கற்றுக்கொடுத்து, கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைக்கச் சொன்னது. முன்னைவிட அதிக நேரம் தாங்கினார்கள். அப்புறம் பாதிப் பேருக்கு நலாக்சோன் ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். நலாக்சோன் என்பது மார்ஃபின் வேலை செய்யும் இடங்களை அடைத்துவிடும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டவர்களின் தாங்கும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. அதாவது "என்னால் முடியும்" என்ற நினைப்பின் ஒரு பகுதி, உடம்பே சுரக்கும் மார்ஃபின் போன்ற எண்டார்ஃபின்கள் வழியாகத்தான் வேலை செய்திருக்கிறது! ஒரு பகுதிதான், ஊசிக்குப் பிறகும் கொஞ்சம் திறன் மிஞ்சியது. நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு, மேலே வரும் வலிச் செய்தியை அங்கேயே மட்டுப்படுத்தும். பயம், எதிர்பார்ப்பு, நம்பிக்கை எல்லாம் அந்தப் பாதையைத்தான் கூட்டிக் குறைக்கின்றன.

இதைச் சாக்காக வைத்து "எல்லாம் மனசுதான்" என்று தாயத்து விற்க வருபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு கோபமும் உண்டு: மாத்திரைக்குப் பின்னால் கம்பெனி இருக்கிறது, சோதனைக்குப் பணம் கொட்டும், மடக்கு நாற்காலிகளும் ஒரு கரும்பலகையும் போதும் என்கிற வகுப்புக்கு யார் கொடுப்பார்கள்?

வகுப்பின் பலன் பெரும்பாலும் மிதமானதுதான், சிலருக்கு ஒன்றுமே மாறாது. அம்மா மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ வகுப்பு அல்ல, நேராக ஆஸ்பத்திரிதான்.