ஆறு வற்றினால் ஏன் காய்ச்சல் வரும்?

மழை பெய்தால் நுளம்பு பெருகும் என்பது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இலங்கை கண்ட மிக மோசமான நுளம்புக் காய்ச்சல் மழை பொய்த்த ஆண்டில்தான் வந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கி 1935 வரை நீடித்த மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்பின் குணம்தான் காரணம். வெயில் படும், தெளிந்து தேங்கிய தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும். மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் நிறைந்து ஓடும்போது, முட்டையிலிருந்து பொரித்து தண்ணீரில் வளரும் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். 1934இல் ஓட்டம் நின்றது. ஆற்று மணலிலும் பாறை இடுக்குகளிலும் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. நுளம்புக்கு அது போதும்.

வறண்ட வலயத்துக்கு மலேரியா புதிதல்ல. அடிக்கடி காய்ச்சல் கண்ட அந்த மக்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. கேகாலைப் பக்கத்து ஈரவலய மக்களுக்கு அது இல்லை. வயல் காய்ந்து, உலகப் பொருளாதார மந்தத்தில் கூலியும் குறைந்து, வயிறு ஒட்டிக் கிடந்த காலம் வேறு. பசியைச் சொல்லாமல் நுளம்பின்மேல் மட்டும் பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இடதுசாரி இளைஞர்களின் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கொயினா என்ற மலேரியா மருந்தோடு சாப்பாட்டுப் பொருளையும் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது. குலிசிஃபேசிஸ் இரவில் கடித்துவிட்டு, இரத்தம் குடித்த பாரத்தோடு வீட்டுச் சுவரில் போய் உட்காரும். ஆகவே சுவருக்கு மருந்தடித்தார்கள். 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. மருந்தடிப்பு நின்றதும் அது திரும்பி வந்தது. 1969இல் நோயாளர் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள். அப்புறம் பல பத்தாண்டு உழைப்பு. மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016 செப்டெம்பரில் கிடைத்தது.

சரி, கொழும்பில் டெங்குவையும் இப்படியே அடக்கக் கூடாதா? டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி நுளம்பு வேறு மாதிரி. பகலில் கடிக்கும். கட்டிலுக்கு அடியில், கதவில் தொங்கும் உடுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். சுவர் மருந்து அதை எளிதில் எட்டாது. ஆறும் அதற்குத் தேவையில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வாளிகளைப் பார்த்தபின் ஃபிரிட்ஜின் பின்பக்கம் குனிந்து, தண்ணீர் சொட்டும் தட்டுக்கு டோர்ச் அடித்தார். நான் ஒருபோதும் பார்த்திராத இடம். உள்ளே நாலைந்து குடம்பிகள், வாலில் உள்ள மூச்சுக் குழாயை மேற்பரப்பில் முட்டுக்கொடுத்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மலேரியா நுளம்பின் குடம்பிக்கு அந்தக் குழாய் இல்லை. அது தண்ணீரோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும்.

தட்டை எடுத்து ஊற்றப் போனேன். அவர் தடுத்து, விளிம்பைக் காட்டினார். ஈடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அவை பல மாதம் உயிரோடிருக்கும்; மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். பொரித்த குடம்பி பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

"ஊத்தினாக் காணாது தம்பி, தேய்க்க வேணும்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்த் தும்பு இருக்கிறதா என்று கேட்டார்.